மூன்று ஓம்களும் ஒரு பள்ளிக்கூடமும்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை அந்த வேலையிலிருந்து முதலாம் வருடமே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. திறமையைப் பார்த்து வைத்திருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எண்பதுகளின் நடுவில் சுவிஸின் பீல் நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தமிழும் ஜெர்மனும் தெரிந்த வேறு ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்போது பயிற்சி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, தொழில் நெறி என்று தலையணை மாதிரி ஒரு கையேடும் இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு அகராதி. அதுவும் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு. பகலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளை இடுக்கியால் எடுத்து வைக்கிற வேலை. கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் ஃபோர்மனிடம் கேட்டுக்கொண்டு அரைநாள் போவேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள், இங்கே வந்து திருகாணி எடுக்கிறேனே என்ற எரிச்சல் எனக்குள் எப்போதும் இருந்தது. அதனால் யாராவது ஒரு அதிகாரி "உங்கள் உதவி தேவை" என்று சொன்னால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்தப் பெருமைப் புளுகம்தான் என்னைக் கெடுத்தது.

நான் சொல்லப்போவது ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். பீலிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். ஒரேயொரு தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஊர். தொழிற்சாலை மூடியதும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறையும் ஒரு ஆசிரியையும் கொஞ்சப் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். அந்த நாட்களில் அரசாங்கம் ஒரு கொள்கை வைத்திருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து, மேல்வகுப்புப் பரீட்சையில் தேறுகிறவர்களும் குறைந்துபோன பள்ளிகளை மூடிவிட்டு, பிள்ளைகளை வேறு ஊர்ப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும். கொள்கையே பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஏழு வயதுப் பிள்ளையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு அந்த ஆசிரியை பட்ட பாடு எனக்குத் தெரியும்.

காலியாகக் கிடந்த தொழிலாளர் குடியிருப்பில், அகதி விண்ணப்பம் போட்டிருந்த மூன்று தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். எண்ணிக்கை கூடிவிட்டது, இனிப் பள்ளி தப்பும் என்று ஆசிரியை நம்பினார். பள்ளிகளைப் பார்வையிடுகிற கல்வி இன்ஸ்பெக்டரின் அறிக்கையிலோ அதே ஐந்து பிள்ளைகளும் வேறு பக்கத்தில் வந்தார்கள். ஜெர்மன் தெரியாதவர்கள், பள்ளியின் தரத்தை இன்னும் கீழே இறக்குகிறவர்கள். பாருங்கள், தலையை எண்ணும்போது சேர்த்துக்கொள்ளலாம், புள்ளியைக் கூட்டும்போது வேண்டாம்!

இன்ஸ்பெக்டரின் திட்டம் இதுதான். பள்ளியை மூடுவது. சுவிஸ் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது. தமிழ்ப் பிள்ளைகளைப் பீலில் 'கிளைன்கிளாஸ்' என்ற வகுப்புக்கு அனுப்புவது. மூடுவதா இல்லையா என்று ஊர்க்கூட்டம் கைதூக்கி முடிவு செய்யும். அதற்கு முன்னால் எல்லாப் பெற்றோரின் கருத்தையும் கேட்டு எழுத வேண்டும் என்று விதி. தமிழ்ப் பெற்றோரிடம் கேட்கிற அன்று என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வகுப்பறையில் இருந்தோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். நல்ல உயரம், நெடுவல். எல்லோருக்கும் கைகொடுத்தார், பென்சிலைச் சீவி மேசையில் நேராக வைத்துக்கொண்டார். முதலில் வந்தவர் சிவயோகம். முப்பது வயது இருக்கும். எட்டு வயதில் வதனி என்று ஒரே மகள். கணவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கான கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு மூன்று வசனம் சொல்லி நிறுத்துவார். நான் தமிழில் சொல்வேன்.

"பள்ளிக்கூடத்தை மூடப் போகினமாம்."

"ஓம்."

"இஞ்சை பிள்ளையள் காணாதாம். படிப்பும் குறைவாம்."

"ஓம்."

"உங்கடை பிள்ளையைப் பீலிலை ஒரு சின்ன வகுப்பிலை விடுவினமாம். கொஞ்சப் பிள்ளையள்தானாம். தனிக் கவனிப்பாம்."

"ஓம் அக்கா."

இன்ஸ்பெக்டர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவருக்கு எழுத ஒரு வசனம் வேண்டும். கொடுத்தேன். ஒரு இலக்கணப் பிழை இல்லாத ஜெர்மனில் கொடுத்தேன்: "பள்ளியை மூடுவதிலும் பிள்ளையை மாற்றுவதிலும் தாய்க்கு முழுச் சம்மதம்." அந்த 'முழு' சிவயோகம் சொன்னதில்லை, இன்ஸ்பெக்டர் கேட்டதும் இல்லை. வசனம் நிறைவாக இருக்கட்டும் என்று நானாகப் போட்டது. அடுத்த இரண்டு குடும்பத்துக்கும் அதே வசனம்தான். ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று சம்மதம். "மிகத் தெளிவாகச் செய்தீர்கள்" என்று இன்ஸ்பெக்டர் பாராட்டினார். நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளும் உங்களில் இருக்கிறீர்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஆம் என்பதற்கு எங்களுடைய ஆட்கள் சொல்கிற 'ஓம்' ஒன்றில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ஓம் இருக்கிறது. மேலே சொல்லுங்கோ என்கிற ஓம் இருக்கிறது. அதிகாரிக்கு முன்னால் வேறு வார்த்தை வராத ஓம், போதும் ஆளை விடு என்கிற ஓம். இத்தனைக்கும் பிறகு எங்கேயோ ஒரு மூலையில் சம்மதம் என்கிற ஓமும் இருக்கிறது. இது எனக்குத் தெரியாததா? நாற்பது பிள்ளைகள் "ஓம் ரீச்சர்" என்று கத்தினால் நாலு பேருக்குக்கூட விளங்கவில்லை என்று அர்த்தம் எடுத்துப் பதினொரு வருடம் வகுப்பு நடத்தியவள் நான். கோட்டைப் போட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு மணி அடித்தது. சிவயோகம். கையில் கல்வி அலுவலகத்துக் கடிதம். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நான் எப்ப சம்மதம் எண்டனான்?"

"அண்டைக்கு ஓம் ஓம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நீங்கள் கதைக்கேக்கை நான் வாயைப் பொத்திக்கொண்டே இருக்கிறது? கேக்கிறன் எண்டு ஓம் எண்டனான். அதைச் சம்மதம் எண்டு எழுதிக் குடுக்கிறதே?"

கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"சின்ன வகுப்பு எண்டியள். தனிக் கவனிப்பு எண்டியள். நான் நல்ல விசயமெண்டெல்லோ நினைச்சனான். மேல்மாடி இத்தாலிக்காரி இந்தக் கடிதத்தைப் பாத்துப்போட்டுத் தலையிலை கை வைக்கிறாள். கையாலையும் காலாலையும் விளங்கப்படுத்தினவள். அவளின்ரை பெடியனும் அதிலைதானாம் படிச்சவன். பிறகு ஒருத்தரும் அவனைத் தொழில் பழக எடுக்கேல்லையாம். அது படிப்பு ஏறாத பிள்ளையளின்ரை வகுப்பாம் அக்கா!" கடிதத்தை மேசையில் போட்டார். "என்ரை பிள்ளைக்குப் படிப்பு ஏறாதே? கணக்கிலை அவள்தான் முதலாம் பிள்ளை. பாஷைதானே தெரியாது!"

'கிளைன்கிளாஸ்' என்றால் சொல்லுக்குச் சொல் சின்ன வகுப்புத்தான். அகராதியும் அப்படித்தான் சொல்லும். வகுப்போடு சேர்ந்து ஓட முடியாத பிள்ளைகளைத் தனியாக எடுத்து வைக்கிற இடம் அது என்று நான் யாரிடமும் கேட்டறியவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாதென்று இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துவிடுமே! எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒரு பிள்ளையின் முழுப் படிப்பும் என்னுடைய ஒரு வசனத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. "நான் சரிப்பண்ணிறன்" என்று சொல்லி அவரை அனுப்பினேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

என் மனுசன் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "உமக்கேன் இந்த வீண் வேலை? பிழை விட்டிட்டன் எண்டு நீரே போய்ச் சொன்னால் இனி ஆர் உம்மைக் கூப்பிடுவினம்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் கதைக்காமல் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மிகவும் அன்பாகச் சொன்னார்: "இதற்குப் பெரிய சிக்கல் தேவையில்லை. தாய் தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்த அரை நிமிடம் நல்ல சுகமாகவே இருந்தது. என் பெயர் கெடாது, வேலை போகாது, பிள்ளையின் விஷயமும் திரும்பக் கேட்கப்படும். "நல்லது" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவயோகத்தின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த விசாரணைக்குக் கூப்பிடப் போகிறார்கள். அந்த விசாரணைகளில் ஆளை விழுத்துகிற வசனம் ஒன்றேயொன்றுதான்: முதலில் ஒன்று சொன்னார், பிறகு வேறொன்று சொன்னார். ஒரு அரசாங்கக் கடதாசியில் அந்தத் தாயைப் பற்றி அப்படி ஒரு வரி கிடந்தால், அது எந்தக் கோப்புக்குள் எப்போது போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? என் பிழையை மறைக்க அவரைப் பேச்சு மாறுகிறவராக்க நான் ஆர்?

"அவர் ஒன்றையும் மாற்றவில்லை. நான்தான் பிழையாகச் சொன்னேன். அப்படியே எழுதுங்கள். மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் அதேதான்" என்றேன்.

"அப்படி எழுதினால் இனி உங்களை அழைப்பது எனக்குக் கடினமாகிவிடும்."

"தெரியும்."

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அறிக்கை ஊராட்சிக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊர்க்கூட்டம். திருத்த வேண்டுமென்றால் அங்கே வந்து நீங்களே சொல்லுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். பள்ளிக்கூடத்து ஜிம்மில் கதிரை போட்டிருந்தார்கள். வாக்குரிமை இல்லாதவர்களுக்குச் சுவரோரம் தனியாக ஒரு நீள வாங்கு. அதில் நானும் சிவயோகமும் இருந்தோம். ஊர்த்தலைவர் அறிக்கையை வாசித்தார். பிள்ளைகளின் எண்ணிக்கை, பரீட்சை முடிவுகள், பஸ் ஏற்பாடு, பிறகு அந்த வரி: "பிறமொழிப் பெற்றோர் முழுச் சம்மதம் தெரிவித்துள்ளனர்." நானாகப் போட்ட 'முழு' அந்தப் பெரிய மண்டபத்தில் எனக்குக் கேட்டது. கையைத் தூக்கினேன்.

விருந்தினர் கதைப்பதென்றால் கூட்டம் அனுமதிக்க வேண்டுமாம். தலைவர் கேட்டார், கைகள் எழும்பின. நானும் எழும்பினேன். அதுவரை எனக்குப் பெருமையாக இருந்த ஜெர்மன் எங்கே போனதோ தெரியவில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற டேர், டீ, டாஸ் எல்லாம் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒரு வழியாகச் சொன்னேன்: "மொழிபெயர்த்தது நான். பிழையாகச் செய்தேன். இந்தப் பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்மதம் என்று சொல்லவில்லை. அந்த வசனத்தை நான்தான் உண்டாக்கினேன். அவர்கள் பேச்சு மாறவில்லை."

முன்வரிசையில் இருந்த, பண்ணை வைத்திருக்கிற ஒரு கமக்காரர் திரும்பிக் கேட்டார்: "அப்படியென்றால் அவர்கள் என்னதான் சொன்னார்கள்?"

"தெரியாது. நான் சரியாகக் கேட்கவில்லை."

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்புத்தானே. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாக்கெடுத்தார்கள். அந்த வரியை வெட்டிவிட்டு, பிள்ளைகளை எங்கே சேர்ப்பதென்று தமிழ்ப் பெற்றோரிடம் திரும்பக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. பள்ளியை மூடுவதற்கும் கைகள் எழும்பின. சில கைகள்தான் வித்தியாசம். மூடுவது முடிவாயிற்று.

வெளியே வரும்போது ஆசிரியை என்னிடம் வந்தார். "இதை நீங்கள் ஒரு கிழமைக்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டிருப்பேன்" என்றார். கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அந்தச் சில கைகள் என்னால்தான் போயினவா என்று தெரியாது, தெரியவும் வராது. ஆகவே கூட்டத்தில் எழும்பிச் சொன்னதை யாரும் வீரம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம், பேனையைக் கீழே வையுங்கள். நேரத்துக்குச் சொல்ல வேண்டியதைப் பிந்திச் சொன்னேன். வகுப்பறையில் "இந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை" என்று ஒரு தரம் கேட்டிருந்தால் ஜிம்முக்குப் போகவே தேவையில்லை. உங்களுக்கு விளங்காததைக் கேளுங்கள். அதிகாரியின் முகம் கோணினால் கோணட்டும்.

அடுத்த கிழமை இன்ஸ்பெக்டர் என்னையே திரும்பக் கூப்பிட்டார். வேறு ஆள் தேடிப் பார்த்தாராம், கிடைக்கவில்லை. முதலில் சிவயோகத்தின் வீடு, அடுப்படி மேசையில் இருந்தோம். நான் தொடங்குமுன் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: "ஒவ்வொரு வசனமாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் இந்தத் தாய் தன் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்லுவார். அதற்குப் பிறகு அடுத்தது." அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சரி என்றார்.

இந்த முறை நான் 'சின்ன வகுப்பு' என்று சொல்லவில்லை. அந்த வகுப்பு யாருக்கு என்று அவரிடம் கேட்டேன். பாடங்களில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்றார். அங்கே போன பிள்ளை வழமையான வகுப்புக்குத் திரும்பி வருவது எளிதா என்று கேட்டேன். யோசித்தார். நேர்மையான மனிதர்தான். "எளிதில்லை" என்றார். இரண்டையும் அப்படியே தமிழில் சொன்னேன். சிவயோகம் "ஓம்" என்றார். இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்தார். நான் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன்.

"நான் சொன்னதை உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

"பள்ளிக்கூடம் மூடுறது அவையின்ரை முடிவு. அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது" என்று மெதுவாகத் தொடங்கினார். "அந்த வகுப்பு படிப்பிலை பிந்தின பிள்ளையளுக்கு. போனால் வாறது கஷ்டம். அப்ப என்ரை பிள்ளை போகாது. சுவிஸ் பிள்ளையளோடை பக்கத்து ஊருக்குப் போகட்டும். பாஷை வரும். எனக்குச் சம்மதம் இல்லை. இல்லை எண்டு எழுதச் சொல்லுங்கோ."

சொன்னேன். 'முழு' சேர்க்கவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதினார். வதனியைப் பக்கத்து ஊரில் வழமையான வகுப்பில் சேர்ப்பதாகவும், கோடை விடுமுறை வரை பார்ப்பதாகவும் சொன்னார். அதைச் சொன்னதும் சிவயோகம் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்து அகராதியைப் பைக்குள் வைத்தேன்.

"அக்கா, கூட்டத்திலை அத்தனை பேருக்கு முன்னாலை எழும்பிச் சொன்னியள். அதை நான் மறக்கமாட்டன்" என்றார் சிவயோகம். "ஆனா இனி என்ரை பிள்ளையின்ரை விசயத்துக்கு உங்களைக் கூப்பிட வேண்டாம் எண்டு இவரிட்டைச் சொல்லுங்கோ. குறை நினையாதையுங்கோ. எனக்கு உங்களிலை பயமாக் கிடக்கு."

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நன்றி சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதானே. நாக்கு நுனிவரை வந்தது. சிவயோகம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அவர் நம்பத்தான் வேண்டும்.

முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாம் பாதியையும் சொன்னேன். 'பயம்' என்பதற்கு ஜெர்மனில் மெத்தென்ற சொற்கள் இருக்கின்றன, நான் அவற்றைத் தேடவில்லை. 'ஆங்ஸ்ட்' என்றே சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்து அதையும் எழுதினார்.